குட்டி வீட்டை வாடகைக்கு விட எடுத்த இன்சூரன்ஸ்: என்ர அனுபவம்

யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் எங்கட வளவுக்க நானும் மச்சானும் சேர்ந்து கட்டின குட்டி வீடு இது, 20 அடிக்கு 12 அடி, கீழ ஒரு அறையும் குசினியும் பாத்ரூமும், மேல பலகை அடிச்சு ரெண்டு பேர் படுக்கிற தட்டு. கூரைக்குப் பனஞ்சலாகை. தட்டுக்கு ஏறுற படி நானே வெல்டிங் செய்தது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டில இருந்து வாற சனம் அறை தேடித் திரியும், அதால அவைக்கு வாடகைக்கு விடுவம் எண்டு துடங்கினனாங்கள்.

இன்சூரன்ஸ் எடுத்த கொம்பனியின்ர பேரைப் போட விரும்பேல்ல. ஏஜென்ட் அண்ணை வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடிச்சு, படிவம் நிரப்பி, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தம்பி, எல்லாம் கவர் ஆகும்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். வாடகைக்கு விடுறதோ எண்டு அவர் கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அந்த ரெண்டுமே பிழை எண்டு பிறகுதான் விளங்கினது.

போன திருவிழாவுக்குக் கனடாவில இருந்து ஒரு குடும்பம் வந்து தங்கினவை. இரவு ரெண்டு மணி இருக்கும், அந்த அம்மா தட்டில இருந்து பாத்ரூமுக்கு இறங்கேக்க கடைசிக்கு முதல் படியில கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். நல்ல மனிசர், ஒரு சொல்லுக் குறை சொல்லேல்ல, ஆனா எனக்கு அண்டைக்கு முழுக்க நித்திரை வரேல்ல, ஏனெண்டால் அந்தப் படியை அடிச்சது நான், கைபிடி ஒரு பக்கம் மட்டும் வைச்சதும் நான்.

அடுத்த நாள் ஏஜென்டுக்கு அடிச்சன், "அது உங்கட பொலிசியில இல்லையே தம்பி" எண்டார். எடுத்துப் பாத்தால் உண்மைதான், அது வெறும் ஃபயர் பொலிசி. நெருப்பு, இடி, மேலதிகமாக் காசு கட்டினதால புயலும் வெள்ளமும், அவ்வளவுதான். வீடு எரிஞ்சால் எனக்குக் காசு வரும், வீட்டுக்க நிண்ட ஆள் விழுந்தால் ஒரு சதமும் இல்லை. முழுக்க இங்கிலிஸில கிடந்த அந்த 14 பக்கத்தை ஒருத்தரும் எனக்கு வாசிச்சு விளங்கப்படுத்தேல்ல. இதுக்குத்தான் நான் ரெண்டு ஸ்டார் குறைக்கிறன்.

தெரிஞ்ச லோயர் ஒராளோட கதைச்சன். அவர் சொன்னது இதுதான்: கொந்திராத்துக்காரன் கட்டின வீடெண்டால் பிழையில அவனுக்கும் பங்கு வரலாம், நீயே கட்டி நீயே காசுக்கு விட்டால் கவனயீனம் எண்டு வழக்கு வரேக்க கைகாட்ட வேற ஆள் இல்லை. "உங்கள் சொந்தப் பொறுப்பில் தங்கவும்" எண்டு போர்ட் எழுதித் தொங்கவிட்டால் தப்பலாம் எண்டு நினைக்காதை எண்டும் சொன்னார். நான் அப்பிடித்தான் ஒரு போர்ட் அடிக்க நினைச்சிருந்தன்.

பிறகு அதே கொம்பனியின்ர டவுன் ஒஃபிஸுக்கு நேர போனன். இங்க இருந்து என்ர விமர்சனம் மாறுது. அங்க இருந்த அக்கா பொறுமையாக் கேட்டா, உங்களுக்கு வேணும் எண்டது பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி, பப்ளிக் லயபிலிட்டி எண்டு சொல்லுறது, வந்து நிக்கிற ஆளுக்குக் காயம் எண்டு எங்களிட்ட நட்டஈடு கேட்டால் அதைக் கட்டுறது, அதைத் தனியாக் கேட்டு எடுக்கவேணும் எண்டா. சொந்தமாக் கட்டினது, நாள் வாடகைக்கு விடுறது, ரெண்டையும் எழுத்தில தரச் சொன்னா, மறைச்சால் பிறகு கிளெய்மை மறுக்கலாமாம். மூண்டு கிழமை இழுத்தடிச்சது உண்மை, பிரதேச சபை அனுமதியும் பிளானும் கேட்டவை, ஆனா கடைசியா ஒரு இன்ஜினியர் வந்து பாத்த பார்வைக்கே கட்டின காசு தகும்.

அவர் முதல் பாத்தது வீட்டை இல்லை, கிணத்தை. கட்டு முழங்காலளவுதான், எங்களுக்குப் பழக்கம், வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்கு அது தெரியுமே? இரும்புக் கம்பி வலை போட்டு மூடச் சொன்னார். பிறகு முத்தத்துப் பனையை அண்ணாந்து பாத்தார். பனங்காய் விழுகிற காலமும் திருவிழாக் காலமும் ஒண்டு, கதிரை போட்டிருந்த இடம் நேர அதுக்குக் கீழ. அதை நான் ஒருநாளும் யோசிக்கேல்ல. குசினிக்குள்ள வைச்சிருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டரை வெளியில எடுத்து வைக்கச் சொன்னார், 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் வெடிச்ச கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் ஒழுகினால் தானா நிப்பாட்டுற 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விச்சை பட்டன் அமத்திப் பாத்தார், வேலை செய்தது. படிக்கு ரெண்டு பக்கமும் கைபிடி, இரவு லைட், படி விளிம்புக்குச் சொரசொரப்புப் பட்டி, இதுகளையும் போடச் சொன்னார்.

பொலிசியில கவனிக்க வேண்டியது: ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, வருசத்துக்கு எவ்வளவு எண்டு கொம்பனி தாற காசுக்கு ரெண்டு எல்லை இருக்கும், நட்டஈட்டில முதல் கொஞ்சக் காசு நாங்கள்தான் கட்டவேணும். கூட்டித் துடைக்க வாற அக்கா விழுந்தால் இது கவர் பண்ணாது, அவ வேலையாள், அதுக்கு வேற பொலிசி. வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934ல இருந்தே இருக்கு.

கன பேர் எயார்பிஎன்பியில, அதுதான் இன்டர்நெட்டில வீடு வாடகைக்கு விடுற தளத்தில, போட்டால் அவையின்ர காப்பு இருக்குத்தானே எண்டு கேக்கினம். இருக்கு, விருந்தாளிக்குக் காயம் எண்டால் 10 லட்சம் அமெரிக்க டொலர் வரைக்கும், ஆனா அவையளுக்கால புக் பண்ணின ஆக்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு வாற ஆக்களில பாதிப்பேர் லண்டனில இருக்கிற சொந்தக்காரர் வட்ஸ்அப்பில அனுப்புறவை, அவை விழுந்தால் அந்தக் காப்பு இல்லை.

இந்தப் புதுக் காப்புக்கு வருசத்துக்கு மேலதிகமாக் கட்டினது எங்கட மூண்டு நாள் வாடகைக் காசு. டவுன் ஒஃபிஸுக்கு 5க்கு 4, ஏஜென்டுக்கு 1, மொத்தமாப் பாத்துக் கொம்பனிக்கு 3 ஸ்டார். "எல்லாம் கவர்" எண்டு உங்களுக்கும் ஆரும் சொன்னால், "வாடகைக்கு வந்த ஆள் படியில விழுந்தால் ஆர் கட்டுறது" எண்டு கேட்டு, வாற பதிலை ஈமெயிலில அனுப்பச் சொல்லுங்கோ.