பெங்களூரு ஃபிளாட்டில் மிருதங்க அறை: ஃபோமா, வினைலா, இரட்டைச் சுவரா?

பெங்களூரு அடுக்குமாடியில் மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வலப்பக்கத்து வலந்தலையில் விழும் ‘நம்’, ‘சாப்பு’ போன்ற சொற்கள் கீழ் வீட்டுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. இடப்பக்கத்துத் தொப்பியில் விழும் கனத்த ‘தொம்’ மட்டும் சுவருக்குள்ளிருந்தே வருவதுபோல் கேட்கும். சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். தாழ்ந்த ஒலிதான் சிக்கல். அதனால் கடையில் எதைக் காட்டினாலும் ‘100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இது என்ன செய்யும்?’ என்று முதலில் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குச் சுவரில் ஒட்டும் ஃபோமிடம் பதில் கிடையாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். 50 ஹெர்ட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 7 மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் அதன் முன்னால் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அறைக்குள் எதிரொலி அடங்கும், ரெக்கார்டிங் தெளிவாகும். அந்த வேலைக்கு மட்டும் வாங்கலாம். அறைக்குள் தாழ்ந்த ஒலியை உறிஞ்ச மூலையில் வைக்கும் பேஸ் டிராப்பும் அப்படியே: உள்ளே கேட்பவருக்கு நல்லது, பக்கத்து வீட்டுக்குப் பயனில்லை.

அடுத்தது கனமான வினைல் ஷீட். மெல்லிய பிளைவுட் தடுப்பில் ஒட்டினால் பலன் தெரியும். இங்கே பல வீடுகளில் இருப்பதோ ஆறு அங்குல சாலிட் பிளாக் சுவர், சதுர மீட்டருக்கு 300 கிலோ அளவில் இருக்கும். 3 மிமீ வினைல் சதுர மீட்டருக்கு சுமார் 5 கிலோ. சுவரின் எடை இரண்டு மடங்கானால்தான் தடுப்பு கணக்குப்படி 6 டெசிபல் கூடும். 300 கிலோவை 305 ஆக்கினால் கால் டெசிபல்கூடத் தேறாது. அரை அங்குல சிமென்ட் பூச்சே இதைவிடப் பல மடங்கு கனம். எஸ்டிசி என்ற ஒலித்தடுப்பு எண்ணைக் காட்டி விற்பார்கள், கவனம். அந்த அளவீடு 125 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே உள்ளது கணக்கிலேயே வராது. ஒலியை அளக்கும் போன் ஆப்பையும் நம்ப வேண்டாம். காதுக்குக் கேட்கும் விதத்தை ஒட்டி அளக்கும் ‘ஏ’ அளவுகோலில் 50 ஹெர்ட்ஸ் ஒலி 30 டெசிபல் குறைத்துக் கணக்கிடப்படும்.

சொந்த வீடு, கையில் பணமும் இருக்கிறது என்றால் என் ஓட்டு இரட்டைச் சுவருக்கு, அதாவது பழைய சுவருக்கு முன்னால் இடைவெளி விட்டு எழுப்பும் இன்னொரு சுவருக்கு. ஆனால் அதை அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே இருப்பது மேல். பழைய சுவரிலிருந்து 50 மிமீ தள்ளி ஒற்றை ஜிப்சம் போர்டு அடித்தால், நடுவில் இருக்கும் காற்று ஸ்பிரிங்காக வேலை செய்து 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் போர்டு அதிரும். நாம் தடுக்க நினைத்த ‘தொம்’ அங்கேதான் இருக்கிறது. முன்பைவிடக் கூடுதலாக வெளியே போகும். இடைவெளியை 100 மிமீ ஆக்கி, 12.5 மிமீ போர்டை இரண்டு அடுக்காகப் போட்டால் அந்த அதிர்வு 46 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். நடுவே ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) நிரப்புங்கள். ஃபிரேம் பழைய சுவரைத் தொடவே கூடாது. கார்பெண்டர் ‘ஆடுது சார்’ என்று சுவரோடு சேர்த்து ஒரு கிளாம்ப் அடித்துவிட்டால் அதன் வழியாகவே ஒலி தாவிவிடும், அதனால் வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். சுவருக்கு ஐந்து அங்குலம் போகும்: எதிரெதிர் சுவர் இரண்டிலும் செய்தால் பத்தடி அறை ஒன்பதடி இரண்டு அங்குலமாகும். கூரையை விட்டுவிட்டால் மேல் வீட்டுப் புகார் அப்படியே இருக்கும்.

வாடகை வீட்டில் ஓனர் இதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டார். அங்கே தரை மேடைதான் நல்ல வழி. முதலில் ஒரு சோதனை: ஒரு நாள் தடித்த மெத்தை மேல் உட்கார்ந்து வாசித்துவிட்டு, கீழ் வீட்டு மாமியிடம் ‘இன்னைக்குக் குறைஞ்சுதா மாமி?’ என்று கேளுங்கள். குறைந்திருந்தால் ஒலி தரை வழியாகத்தான் இறங்குகிறது, மேடை பலிக்கும். 18 மிமீ பிளைவுட் இரண்டை ஒன்றாகத் திருகி, அடியில் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளை வையுங்கள். உங்கள் எடைக்கு ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். முழுத் தரைக்கும் கெட்டியான ரப்பர் விரித்தால் அது அமுங்காது, அதிர்வும் நிற்காது. மெத்தைச் சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மேடைக்குச் செலவழிக்காதீர்கள்.

கரண்ட் போனதும் ஜெனரேட்டர் உறுமல் உள்ளே வருகிறது என்பவர்கள் சுவரை விட்டு ஜன்னலைப் பாருங்கள். ஸ்லைடிங் ஜன்னலுக்கு உள்பக்கம், 100 மிமீயாவது தள்ளி, தடித்த கண்ணாடியோடு இறுக்கமாக மூடும் இரண்டாவது ஜன்னல் வையுங்கள்.

எதைச் செய்தாலும் இரவு பத்து மணிக்கு மேல் தொப்பி வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு.

அப்புறம், அறையை இறுக மூடும்முன் காற்றுக்கு வழி செய்யுங்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும். உள்பக்கம் ராக்வூல் ஒட்டி, இரண்டு வளைவு கொடுத்த பெட்டி வழியாகச் சின்ன ஃபேன் வைத்து வெளிக்காற்றை உள்ளே கொண்டுவாருங்கள். நாலு மாணவர்கள் ஒரு மணி நேரம் உட்காரும் அறைக்கு அது கட்டாயம்.