தலைவர்களும் வாக்கு முறை மாற்றமும்: பிரிட்டனும் நியூசிலாந்தும்

வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் விருப்ப வாக்கு முறை வேண்டுமா என்று பிரிட்டன் 2011 மே 5 அன்று நடத்திய பொது வாக்கெடுப்பு, துணைப் பிரதமர் நிக் கிளெக் மீதான தீர்ப்பாகவே மாறிப்போனது. கல்விக் கட்டண உயர்வை எதிர்ப்பதாக உறுதிமொழி தந்து, ஆட்சியில் அதைக் கைவிட்ட அவருடைய படத்தையே எதிர்ப்பாளர்கள் துண்டறிக்கைகளில் அச்சிட்டார்கள். மாற்றத்தை ஆதரித்த தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட்கூட அவருடன் மேடையேற மறுத்தார். பிரதமர் டேவிட் கேமரூனோ தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர் ஜான் ரீடுடன் சேர்ந்து நின்று எதிர்த்தார். 67.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர்.

நியூசிலாந்தில் கதையே வேறு. 1978, 1981 தேர்தல்களில் அதிக வாக்குகள் பெற்ற தொழிற்கட்சி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்ததை மக்கள் கண்டிருந்தார்கள். பின்னர் இரு பெரிய கட்சிகளின் அரசுகளுமே வாக்குறுதிகளை மீறியதால், பிரதமர் ஜிம் போல்ஜர் போன்றோரின் எதிர்ப்பே, தொகுதி உறுப்பினர்களோடு கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்களைப் பங்கிடும் கலப்பு விகிதாசார முறைக்கு நற்சான்றாயிற்று. 1993-இல் 53.9 விழுக்காட்டினர் அதை ஏற்றனர்.

ஆனால் தலைவர்களின் செல்வாக்கைவிடக் கால அவகாசமே முதன்மையான வேறுபாடு என்பது என் கருத்து. நியூசிலாந்தில் அரச ஆணையம் 1986-லேயே இம்முறையைப் பரிந்துரைத்ததால், விவாதிக்க ஏழாண்டுகள் கிடைத்தன. பிரிட்டனிலோ கேமரூன், கிளெக் ஆகியோரின் கட்சிகள் செய்துகொண்ட கூட்டணி உடன்பாட்டில் பிறந்த கேள்வி ஓராண்டுக்குள் வாக்குச்சாவடிக்கு வந்துவிட்டது. ஊறிய கருத்தைத் தலைவர்களால் எளிதில் அசைக்க முடிவதில்லை: 2011 நவம்பரில் பிரதமர் ஜான் கீ வேறொரு முறையை விரும்பியபோதும், அவரையே மீண்டும் ஆட்சியில் அமர்த்திய நியூசிலாந்து மக்கள், அதே நாளில் 57.8 விழுக்காடு வாக்குகளால் பழைய முடிவை உறுதிசெய்தார்கள்.