பழைய வரிமுறையா, புதிய வரிமுறையா: வேலூர்க் குடும்பங்களுக்கும் குடியாத்தம் வியாபாரிகளுக்கும் ஒரு கணக்கு

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த மத்திய நிதிநிலை அறிக்கை, புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரி இல்லை என்று அறிவித்தது. அன்று முதல் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் உள்ள என் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கட்டிவரும் எல்ஐசி, பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), வீட்டுக் கடன் ஆகியவற்றைக் காட்டிப் பழைய முறையிலேயே இருப்பதா, அவற்றுக்காக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைகளை, அதாவது கழிவுகளை, விட்டுவிட்டுப் புதிய முறைக்கு மாறுவதா? 2025-26 நிதியாண்டின் விகிதங்களைக் கொண்டு இதற்கு விடை காண முயல்கிறேன்.

மாதம் 1 லட்சம், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் காட்பாடி ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக 11,25,000 ரூபாயே வரிக்குரிய வருமானம் என்பதால், 12 லட்சம் வரை வரி முழுவதையும் நீக்கும் தள்ளுபடிக்குப் பின் அவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாவற்றையும் கழித்தாலும் 7,75,000 ரூபாய் மிஞ்சும். அதற்கான வரி, கூடுதல் தீர்வையோடு (செஸ்) சேர்த்து 70,200 ரூபாய். இந்த வருமானத்தில் இருக்கும் சம்பளக்காரருக்குப் புதிய முறையே மேல் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

சம்பளம் உயரும்போது கணக்கு நெருங்கி வருகிறது. பெற்றோர் வேலூரில் தன் சொந்த வீட்டில் இருக்க, பெங்களூரில் மாதம் 30,000 ரூபாய் வாடகை கொடுத்து, 20 லட்சம் ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கும் மகனின் நிலையைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 10 லட்சம் என்றால் வாடகைப் படியில் 2,60,000 ரூபாய் வரை விலக்குக் கிடைக்கும். அதனுடன் 80சி, வீட்டுக் கடன் வட்டி, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 50,000, தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் காப்பீடாக 75,000 ஆகிய அனைத்தையும் முழு வரம்பு வரை காட்டினால், பழைய முறையில் வரி 1,84,080 ரூபாய். புதிய முறையில் 1,92,400 ரூபாய். இத்தனையையும் கட்டி, இத்தனை ரசீதுகளையும் பத்திரப்படுத்தி அவர் மிச்சப்படுத்துவது 8,320 ரூபாய்தான். ஏற்கெனவே இந்தக் கடன்களும் சேமிப்புகளும் இருப்பவர் பழைய முறையில் தொடரலாம். வரிக்காகவே புதிதாக ஒரு பாலிசி எடுப்பது வீண்.

புதிய முறைக்குப் போகிறவர்களிடம் நான் வருத்தத்தோடு காண்பது வேறொன்று. கழிவு இல்லை என்றதும் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு அறுவை சிகிச்சைச் செலவு பல ஆண்டு வரி மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும் என்பது, சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. செல்வமகள் சேமிப்புக் கணக்கின் வட்டிக்குப் புதிய முறையிலும் வரி கிடையாது; போடும் தொகைக்குத்தான் கழிவு இல்லை.

12 லட்சம் வரை வரியில்லை என்பதை நிலம் விற்ற லாபத்துக்கும் பொருத்திப் பார்ப்பது தவறு. தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் மூலதன ஆதாயத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

வியாபாரிகளின் நிலை வேறு. கணக்குப் புத்தகம் எழுதாமல், விற்றுமுதலில், அதாவது மொத்த விற்பனைத் தொகையில், ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் அனுமான வரித் திட்டத்தில், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வரும் பணத்துக்கு 6 சதவீதமும் ரொக்கத்துக்கு 8 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும். குடியாத்தத்தில் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய்க்கு லுங்கி விற்கும் ஒருவர், வேறு வருமானம் இல்லாமல், முழுவதையும் வங்கி வழியே வாங்கினால் லாபம் 12 லட்சம், புதிய முறையில் வரி ஏதுமில்லை. அதே தொகையை ரொக்கமாக வாங்கினால் லாபம் 16 லட்சமாகி 1,24,800 ரூபாய் வரி கட்ட நேரும். புதிய முறை, பழைய முறை என்பதைவிடப் பணம் வந்து சேரும் வழியே இவருடைய வரியைத் தீர்மானிக்கிறது. உண்மையான லாபம் 6 சதவீதத்தைவிடக் குறைவாக இருப்பவர் மட்டும் புத்தகம் எழுதித் தணிக்கைக்குப் போவது பற்றி யோசிக்கலாம். ஆனால் ஒருமுறை இத்திட்டத்தை விட்டு விலகினால் 5 ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது.

சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வியாபார வருமானம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போனவர், ஒரு முறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், வியாபார வருமானம் இருக்கும் வரை மறுபடி பழைய முறையைக் கேட்க முடியாது. சம்பளத்தோடு சிறிய கடையும் நடத்துபவர்கள் இதை அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பேரணாம்பட்டில் தோல் தொழிலைப் பங்குதாரர்கள் சேர்ந்த கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) நடத்துபவர்களுக்கோ இந்தத் தேர்வே கிடையாது: நிறுவனத்தின் லாபத்துக்கு நேராக 30 சதவீத வரி. பங்குதாரர் தன் கையில் வாங்கும் சம்பளத்துக்கும் வட்டிக்கும்தான் இரண்டில் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.