வகுப்பறையைப் படம்பிடித்த கல்யாண வீடியோ ஸ்டூடியோ

உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தின்போது ஆசிரியரும் மாணவரும் எவ்வாறு மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதை என் எம்.எட். ஆய்வேட்டுக்காகப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்துமூலம் அனுமதி பெற்றபின், மதுரையில் கல்யாணம், காதுகுத்து எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றை அமர்த்தினேன். இரண்டு கேமரா, ஆசிரியருக்கு ஒரு காலர் மைக், எடிட்டிங் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய்.

படம்பிடித்த நாளில் அவர்கள் வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. மணமேடையைச் சுற்றிய கூட்டத்துக்குள் நின்றே பழகியவர்கள் என்பதால், பிள்ளைகள் சிறிது நேரத்தில் கேமராவையே மறந்துவிடும் அளவுக்கு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒரு கேமராவைக் கரும்பலகையின் ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, வகுப்பு முழுவதும் தெரியும்படி அசையாமல் விட்டுவிடுங்கள் என்ற என் வேண்டுகோளையும் அப்படியே நிறைவேற்றினார்கள்.

சிக்கல் எடிட்டிங்கில் வந்தது. 40 நிமிடப் பாடவேளை, தொடக்கத்தில் வீணை இசையுடன், 27 நிமிடப் படமாகப் பென்டிரைவில் வந்து சேர்ந்தது. ஆசிரியர் கேள்வி கேட்ட மறுகணமே ஒரு மாணவன் விடை சொல்கிறான். அத்தனை கேள்விக்கும் அப்படியே. விசாரித்தபோது, "சார், அந்த எடத்துல யாரும் ஒண்ணும் பேசலையே, அதான் வெட்டிட்டோம்" என்றார் எடிட்டர். அவர் தொழிலில் அது நியாயம்தான். ஆனால் நான் பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்தப் பேசாத இடங்களுக்காகவே. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக நீட்டினால் மாணவரின் விடைகளும் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1974இல் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை வைத்து எழுதினார். அந்த வினாடிகளை எண்ணுவதற்கு வெட்டிய படம் உதவாது.

கேட்டதும், கூடுதல் கட்டணமின்றி வெட்டாத பதிவைக் கொடுத்துவிட்டார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இலவசமாக வழங்கும், ஒலி-ஒளிப் பதிவில் நேரத்தோடு குறிப்பெழுத உதவும் ஈலான் மென்பொருளில் அதை ஏற்றி, பேசுபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை கொடுத்துக் குறித்தபோதுதான் வகுப்பு கண்ணுக்குப் புலப்பட்டது. மூன்றாம் பெஞ்சுச் சிறுமி ஒருத்தி பாதி கை தூக்குகிறாள். ஆசிரியரின் பார்வை வேறு பக்கம் திரும்பியதும் பின்னலைச் சரிசெய்வதுபோல் அந்தக் கையை இறக்கிக்கொள்கிறாள். முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டும் இரண்டாவது கேமராவில் இது இல்லவே இல்லை. "தாவரம் உணவு தயாரிக்கத் தேவை சூரிய..." என்று ஆசிரியர் இழுக்க, "ஒளி!" என்று வகுப்பே சேர்ந்து முடிக்கும் இடங்களும் அடிக்கடி வருகின்றன. உரையாடலில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுகிறார் என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற உரையாடல் ஆய்வாளர்கள் மூவரும் 1974இல் எழுதியதை மனத்தில் வைத்துப் பார்த்தால், முப்பது பேர் சேர்ந்து எடுக்கும் பேச்சின் இந்த ஒற்றை முறையை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒலிப்பதிவு சுமார்தான். காலர் மைக் ஆசிரியரின் மூச்சைக்கூடப் பிடித்திருக்கிறது. கடைசி பெஞ்சு பேசியதை மின்விசிறி விழுங்கிவிட்டது. பின்வரிசையில் ஒரு கைபேசியைப் பதிவு செய்யும்படி வைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அதை நானும் யோசிக்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இத்தகைய வேலைக்குக் கல்யாண ஸ்டூடியோவைத் தயங்காமல் அழைக்கலாம். எடிட்டிங் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டால் கட்டணத்தைக் குறைத்துப் பேசவும் இடமுண்டு. ஆவணி, தை போன்ற முகூர்த்த மாதங்களில் அதே மெமரி கார்டு மறுநாளே வேறொரு மண்டபத்துக்குப் போய்விடும் என்பதால், பள்ளியை விட்டுக் கிளம்புமுன் பதிவை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.