டிஎன்ரெஜிநெட் வழிகாட்டி மதிப்புத் தேடல்: எண் கிடைக்கிறது, எச்சரிக்கை கிடைக்கவில்லை

மனைக்கு விலை பேசி, முன்பணமும் கைமாறிய பிறகுதான் பலர் பத்திர எழுத்தரிடம் "பதிவுச் செலவு எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவுக்காக அரசு நிலத்துக்கு நிர்ணயித்திருக்கும் மதிப்புதான் வழிகாட்டி மதிப்பு. அதைப் பார்க்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இந்த ஒரு பக்கத்துக்காகவே தளத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் அந்த எண் வேறு எங்கெல்லாம் போய் நிற்கும் என்பதைத் தளம் சொல்வதில்லை. பணம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

தேடல் இரண்டு வழி: தெருப் பெயர், சர்வே எண். இரண்டையும் பாருங்கள். தெருவுக்கு ஒரு மதிப்பும் சர்வே எண்ணுக்கு வேறொன்றும் வந்தால், எதை எடுப்பார்கள் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். புதிதாக உட்பிரிவு செய்த எண் பட்டியலில் வராமல் போகலாம். 112/3ஏ1 கிடைக்காவிட்டால் 112/3 என்று தாய் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவசாய நிலத்துக்கு ஏக்கர், ஹெக்டேர் கணக்கு. குடியிருப்புக்குச் சதுர அடி, சதுர மீட்டர். அலகைக் கவனிக்காமல் பெருக்கினால் மொத்தக் கணக்கும் கோணும். 1-7-2024 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் யாரோ எடுத்து வைத்த பிரிண்ட்அவுட்டை நம்ப வேண்டாம்.

தளம் காட்டுவது மண்ணின் மதிப்பு மட்டுமே. மேலே வீடு இருந்தால் கட்டட மதிப்பு தனி. அதற்கு இணைப்பு 1ஏ படிவத்தில் பரப்பு, வயது, கட்டுமான வகை எல்லாம் கொடுக்க வேண்டும். மாடியில் போட்ட ஓர் அறையை மறைத்து எழுதினால் கள ஆய்வில் வெளிப்படும், குறைவாகக் கட்டிய தீர்வையையும் கேட்பார்கள்.

விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். இதில் 5 தீர்வை, 2 உள்ளாட்சிகளுக்கான சொத்து மாற்றுத் தீர்வை. பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; 2023 ஏப்ரலுக்கு முன்பு இது 4 ஆக இருந்தது. பெண் பெயரில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்து பதிவானால் 1-4-2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். அதாவது மிச்சம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பேசும் அளவுக்கு அது பெரிய சலுகை இல்லை. அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு வேறு கணக்கு: 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் அதே 2.

இந்தச் சதவீதங்கள் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல் கணக்காகும். 1,200 சதுர அடி மனை, சதுர அடி 4,000 என்றால் வழிகாட்டி மதிப்பு 48 லட்சம். 55 லட்சத்துக்கு வாங்கினால் 55இன் மேல் 9 சதவீதம், 4,95,000 ரூபாய். அதே மனைக்குப் பத்திரத்தில் 40 லட்சம் என்று எழுதினாலும் தீர்வை 48இன் மேல்தான், கட்டணத்தோடு 4,32,000. 40இன் மேல்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்குப் போகும். அது முடியும்வரை அசல் பத்திரம் கைக்கு வராது. வீட்டுக்கடன் வாங்குகிறவருக்கு இது பெரிய தலைவலி. வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட உண்மையிலேயே அதிகம் என்று நிரூபிக்கக் கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போகலாம்.

வருமான வரிக்கும் இதே 48தான் அளவுகோல். பத்திர விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், விற்றவர் 48 லட்சத்துக்கு விற்றதாகவே வைத்து மூலதன ஆதாயம், அதாவது விற்பனை லாபம், கணக்கிடப்படும். வாங்கியவருக்கோ 8 லட்சம் வருமானமாகச் சேரும். 40க்கு 10 சதவீதம் கூட்டினால் 44. 48 அதைத் தாண்டிவிட்டது. தீர்வையில் ஒரு பைசாவும் மிச்சமாகாமல் இரண்டு பேரும் வரி கட்டுகிறார்கள். 44 லட்சம் என்று எழுதியிருந்தால் வரம்பு 48.4, பிரச்சினையே இல்லை. ஒப்பந்தத்துக்கும் பத்திரத்துக்கும் நடுவில் வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டால், ஒப்பந்த நாளன்றோ அதற்கு முன்போ முன்பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அன்றைய மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

டிடிஎஸ்ஸில், அதாவது விலையிலிருந்து வாங்குபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரியில், சறுக்குபவர்கள் அதிகம். விலை 47 லட்சம்தான், வரம்பு 50 லட்சம் என்று விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 4,200 ஆக இருந்தால் அதே மனை 50.4 லட்சம். விலை, மதிப்பு இரண்டும் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் விலக்கு. இங்கே 50.4இன் மேல் 1 சதவீதம், 50,400 ரூபாயை வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாள் கெடு. கட்டாமல் விட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் வாங்கியவர் தலையில்தான் விழும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் மிகக் கூடுதல், ஆடிட்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விற்பவருக்கு 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தில் ஆதாய வரி 12.5 சதவீதம். 23-7-2024க்கு முன் வாங்கியதென்றால், உள்நாட்டில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். பழைய சொத்தாக இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுப்பது) எழுதினால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. அண்ணனிடமிருந்து தம்பி பணம் கொடுத்து வாங்குவதை இப்படி எழுதச் சொல்லும் யோசனை அடிக்கடி வரும். பணம் வங்கியில் கைமாறியிருந்தால் அது விற்பனைதான், பின்னால் சிக்கும்.

வில்லங்க விவரத்தையும் இதே தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் வருகின்றன. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.