குளோரோகுயின் விஷயத்தில் ஏமாற்றிய குரங்குச் செல்லும், நுரையீரலுக்கு நெருக்கமான மாதிரிகளும்

2020 பிப்ரவரியில் வூஹானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆய்வகத் தட்டில் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொரோனா வைரஸை அடக்குகிறது என்றார்கள். அடுத்த மாதமே இந்தியாவில் மருத்துவப் பணியாளர்களுக்கு அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை முன்தடுப்பாகப் பரிந்துரைத்தார்கள். ஆனால் அந்தத் தட்டில் இருந்தவை வீரோ செல்கள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் எடுத்து வளர்த்த வழி வந்தவை.

சில மாதங்களில் ஜெர்மனியில் காலு-3 என்ற மனித நுரையீரல் செல்களில் சோதித்தார்கள். மருந்து எடுபடவில்லை. காரணம் எளிது. வீரோவுக்குள் நுழைய வைரஸுக்குச் செல்லின் உட்பையில் அமிலம் வேண்டும். குளோரோகுயின் அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். நுரையீரல் செல்லின் வெளிப்பரப்பிலோ டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருக்கிறது. அது வைரஸின் முள் புரதத்தை வெட்டிக் கொடுக்க, வைரஸ் நேராகவே உள்ளே போய்விடுகிறது. எந்த மாதிரியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிட்டது.

சரி, உண்மையான நுரையீரலுக்குப் பதிலாக ஆய்வகத்தில் வைத்துச் சோதிக்க என்னென்ன மாதிரிகள் இருக்கின்றன?

மலிவானவை செல் வரிசைகள், அதாவது ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் ஒரே வழிச் செல்கள். ஏ549 ஒரு 58 வயதுக்காரரின் நுரையீரல் புற்றிலிருந்து 1972இல் கிடைத்தது. உறைநிலையிலிருந்து எடுத்தால் சில நாளில் தயார். ஆயிரம் மருந்துகளைச் சலித்தெடுக்க இதைவிட வசதி இல்லை. ஆனால் கொரோனா பற்றிக்கொள்ளும் ஏஸ்2 புரதம் இதில் மிகக் குறைவு. அதற்கான மரபணுவைப் புகுத்தினால்தான் தொற்று சரியாக ஏறும்.

என் ஓட்டு காற்று-திரவ எல்லை வளர்ப்புக்குத்தான். அடியில் நுண்துளைச் சவ்வு கொண்ட சின்னக் கிண்ணம். அதில் மனித மூச்சுக்குழாய்ச் செல்களைப் பரப்பி, மேலே உள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். உணவு கீழிருந்து, காற்று மேலிருந்து. மூன்று நான்கு வாரத்தில் சளி சுரக்கும், மயிரிழைகள் முளைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் காற்றடிக்கும் வயல் போலப் பரப்பு முழுக்க அசையும். 2019 இறுதியில் வூஹான் நோயாளிகளிடம் எடுத்த நுரையீரல் திரவத்தை இப்படிப்பட்ட செல்களில்தான் இட்டார்கள்; 96 மணி நேரத்தில் அந்த அசைவு நின்றுபோனது கண்ணுக்குத் தெரிந்தது. ஹாங்காங்கில் கண்டறிந்து 2005இல் அறிவிக்கப்பட்ட எச்கேயு1 என்ற இன்னொரு கொரோனா வைரஸ் வழக்கமான செல் வரிசைகளில் வளர மறுத்தது; 2010இல் இங்கேதான் வளர்ந்தது. குறையும் உண்டு. கொடையாளிக்குக் கொடையாளி முடிவு மாறும். நோயெதிர்ப்புச் செல்களை நாமே சேர்க்க வேண்டும்.

ஆர்கனாய்டு என்பது ஜெல்லுக்குள் தானே உருண்டு வளரும் குட்டித் திசு. பெருக்கலாம், உறைய வைத்துச் சேமிக்கலாம். ஆனால் வழக்கமான வளர்ப்பில் மயிரிழைகள் உருண்டையின் உள்பக்கம் இருக்கும். வைரஸை ஊசியால் செலுத்த வேண்டும், அல்லது உருண்டையை உள்வெளியாகத் திருப்ப வேண்டும்.

அடுத்தது நுரையீரல் சிப், நுண்கால்வாய்களில் செல்களை வளர்க்கும் சின்னக் கருவி. 2010இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டான் ஹூ, டொனால்ட் இங்பர் குழு இதைச் செய்தது. பென் டிரைவ் அளவுதான். நடுச் சவ்வின் ஒரு பக்கம் காற்றறைச் செல்கள், மறுபக்கம் ரத்தக்குழாய்ச் செல்கள். இருபுறமும் வெற்றிடம் இழுத்து விட, சவ்வு மூச்சு விடுவது போல விரியும், சுருங்கும். மேலே பாக்டீரியாவை விட்டபோது, கீழ்ப்பாதையில் வந்த வெள்ளையணுக்கள் சவ்வைக் கடந்து ஏறி அதை விழுங்கின. இப்படி ஓட்டத்தில் வந்து ஏறுவதைக் கிண்ணத்தில் பார்ப்பது கடினம். ஆனால் சிப்பைச் செய்யும் சிலிக்கோன், சில மருந்துகளைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் அளவு தப்பும்.

அப்புறம், அறுவையில் எடுத்த நுரையீரலை மெல்லிய துண்டுகளாகச் சீவும் முறை. எல்லாச் செல்லும் இருக்கும், ஆயுள்தான் ஓரிரு வாரம். காசநோய்க் கிருமி ஒரு தடவை பெருகவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும். அதன் மெதுவான போக்கைப் பார்க்க அந்த அவகாசம் போதாது. காசநோய்க்கு நான் சிப்பையே எடுப்பேன். கொரோனா, சாதாரணச் சளி போன்ற வைரஸ்களுக்கு, செல் வரிசையில் சலித்த மருந்து கிண்ணத்தில் தேறும்வரை நோயாளியிடம் கொண்டுபோக மாட்டேன்.