40 கிலோ தாங்கும் என்று விற்றார்கள், 12 கிலோ குழந்தையோடு மடங்கியது

எங்கள் பாப்பாவின் இடது தொடைக்குப் பின்னால் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. இப்போது வெளிறிவிட்டது, குளிப்பாட்டும்போது மட்டும் கையில் தட்டுப்படும். அந்தக் கோடு எப்படி வந்தது, அதன் பிறகு அவள் என்ன பாடு பட்டாள், அதற்குக் காரணமான மடக்கு 'பாட்டி' (potty) சீட்டை, அதாவது வெளியே போகும்போது பிள்ளையைக் கக்கா, உச்சா போக உட்கார வைக்கிற மடக்கு இருக்கையை, விற்ற கடை எங்களிடம் எப்படி நடந்துகொண்டது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அதே சாமான் அதே கடையில் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. பிள்ளைக்கு டயப்பரை நிறுத்திப் பழக்கிக்கொண்டிருக்கும்போதே ஊர்ப்பயணமும் வந்து நிற்கிறது என்றால், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

பாப்பாவுக்கு அப்போது 2 வயது 4 மாதம். வீட்டில் பகல் நேரத்து டயப்பரை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. "உச்சா" என்று சொல்லத் தெரிந்துவிட்டது. காலையில் வயிற்றுக்கு ஏதாவது இறங்கிக் கால் மணி நேரத்தில் தானே போய்த் தன்னுடைய பிளாஸ்டிக் சீட்டில் உட்கார்ந்துவிடுவாள். நன்றாகப் பழகி வந்த அந்த நேரத்தில்தான் ஆடி அமாவாசை வந்தது. எங்கள் குலதெய்வம் கோயில் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம். கோவை சிங்காநல்லூரிலிருந்து சூலூர், பல்லடம் என்று நிறுத்தி நிறுத்திப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். காரில் மட்டும் டயப்பர் போட்டுக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் வேண்டாம், காரில் வேணும் என்றால் அந்தப் பிள்ளைக்கு எது சரி என்று எப்படிப் புரியும்? வழியில் இருக்கிற பெட்ரோல் பங்க் கழிவறைகளில் பெரியவர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போய் வருகிறோம். அதனால்தான் மடக்கு பாட்டி சீட் வாங்கப் போனேன்.

பெரிய கடைதான். குழந்தைச் சாமான்கள் மட்டுமே விற்கிற கடை. காலை விரித்தால் சின்ன ஸ்டூல் மாதிரி நிற்கும், நடுவில் பையை மாட்டிக்கொள்ளலாம், பைக்குள் டயப்பரில் இருப்பது போல ஈரத்தை உறிஞ்சும் பட்டை இருக்கும், முடிந்ததும் முடிச்சுப் போட்டு எடுத்துவிடலாம் என்று விற்கிற பையன் விளக்கினான். காலைத் தட்டையாக விரித்தால் வெஸ்டர்ன் டாய்லெட் மேலும் வைக்கலாமாம். "40 கிலோ தாங்கும்ங்க்கா. வேணும்னா நீங்களே கையை வெச்சு அமுக்கிப் பாருங்க" என்று சொல்லி ஷோகேஸில் இருந்த சாம்பிளை எடுத்து நீட்டினான். அமுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குக் கொடுத்தது சீல் வைத்த வேறு பெட்டி. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் விலை 1,650 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 1,450க்குக் கொடுத்தான். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்ததையும் நான் பிறகுதான் படித்தேன்.

அமாவாசை அன்று வெள்ளெனக் கிளம்பினோம். பல்லடம் தாண்டிப் பொங்கலூர் பக்கம் போகும்போது பாப்பா "கக்கா" என்றாள். வண்டியில் சொல்லத் தெரிந்ததே என்று எனக்கு அத்தனை சந்தோஷம். ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தினோம். ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, நின்ற ஆளையே தள்ளுகிறது. பையை மாட்டினால் பறக்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பாப்பாவை உட்கார வைத்தேன். வலது பக்கத்துக் கால் விரியும்போது "டக்" என்று பூட்டிய சத்தம் கேட்டது. இடது பக்கம் கேட்டதா என்று இன்று யோசித்தால் எனக்குத் தெரியவில்லை.

அவள் முக்குவதற்காக லேசாக முன்னால் சாய்ந்தாள். இடது கால் உள்ளே மடங்கிவிட்டது. சீட்டுக்கும் மடங்கின காலுக்கும் நடுவில் தொடைச் சதை சிக்கிக்கொண்டது. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. சிக்கின இடத்தை விடுவிக்க சீட்டை மறுபடி விரித்தாக வேண்டும், விரிக்க விரிக்க அவளுக்கு வலி. வீட்டுக்காரர்தான் கையை உள்ளே கொடுத்து நெம்பி எடுத்தார். ரத்தம் கசிந்திருந்தது. பை கிழிந்து எல்லாம் அவள் கால் மேலேயே. தண்ணீர் பாட்டில் மூன்றும் அங்கேயே தீர்ந்தன.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். "வா சாமி, ஆத்தா கால் மேல ஒக்காரு. இது மடங்காது கண்ணு" என்று கூப்பிட்டார். நாமெல்லாம் அப்படி உட்கார்ந்து பழகினவர்கள்தானே, பெரியவர்களின் இரண்டு பாதமும்தான் சீட்டு. பாப்பா உட்காரவே மாட்டேன் என்று அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்து வீடு திரும்பும் வரைக்கும் அவள் போகவே இல்லை.

அன்று மட்டுமில்லை, ஐந்து நாள் போகவில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரருக்கு இது கடைசிவரை புரியவே இல்லை, "சின்னக் கீறல்தானேங்க" என்றே பேசிக்கொண்டிருந்தார். பாப்பா வயிறு முட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் சுவரோரம் போய் நின்று, கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்கினாள். முக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். குழந்தை டாக்டர்தான் அது அடக்குவது என்று புரிய வைத்தார். பயத்தில் அடக்கினால் மலம் உள்ளேயே நின்று தண்ணீர் சுண்டிக் கெட்டியாகிவிடும். கெட்டியானது வெளியே வரும்போது வலிக்கும், சில நேரம் கிழிந்து ரத்தமும் வரும். வலித்தது நினைவில் இருப்பதால் அடுத்த முறை இன்னும் அடக்கும். இந்தச் சுழலில் மாட்டின குழந்தைக்கு, கெட்டியானதைச் சுற்றிக்கொண்டு தண்ணியாகக் கசிந்து ஜட்டியில் படுவதும் உண்டாம். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நாமாக மருந்து கொடுத்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

மலத்தை இளக்க லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். பழக்குவதை இப்போதைக்கு நிறுத்துங்கள், டயப்பர் கேட்டால் போட்டுவிடுங்கள், திட்டவோ கெஞ்சவோ வேண்டாம் என்றார். பால் அளவு குறைந்தது. தண்ணீர், ஊறவைத்த உலர்திராட்சை, கீரை கூடியது. மூன்று வாரத்தில் பழகினதைத் திரும்பப் பிடிக்க எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. அவள் அலுப்பும் அழுகையும் ஒருபக்கம் இருக்க, ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து "அம்மா, வலிக்குமா?" என்று கேட்டதுதான் என்னைக் கடைக்குப் போய் நிற்க வைத்தது.

கழுவி, வெயிலில் காயவைத்து, பில்லோடு எடுத்துக்கொண்டு போனேன். "கொழந்தை ஒக்காந்த சாமானை எப்படிங்க திரும்ப வாங்கறது? சுத்தபத்தம்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா" என்றார் முதலாளி. அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கே தோன்றியது. ஒரு பிள்ளை உட்கார்ந்ததை இன்னொரு பிள்ளைக்கு விற்கக் கூடாதுதான். ஆனால் நான் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரவில்லை. பூட்டு பூட்டவில்லை என்று தருகிறேன். உட்கார வைக்காமல் பூட்டு பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேசை மேலேயே விரித்து இடது காலை ஒரு விரலால் தள்ளிக் காட்டினேன், மடங்கியது. "தரையில மேடு பள்ளம் இருந்திருக்கும்ங்க" என்றார். மேசையில் ஏது மேடு பள்ளம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பாதி விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை நிதானமாகப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. 1,650 என்ற ஸ்டிக்கரின் ஓரம் ஈரத்தில் கிளம்பியிருந்தது. உரித்தால் அடியில் அச்சடித்த விலை 799. தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்றும் இல்லை. 10 பை என்று போட்டிருந்ததில் உறிஞ்சும் பட்டை மூன்றில்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் படித்தேன். "திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அடித்துவிட்டால் கடைக்காரர் தப்பித்துவிடலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்றே சேர்த்திருக்கிறார்கள். பில்லில் எத்தனை நாள் என்று கெடு போடவில்லை என்றால் 30 நாள். சிப்பமிட்ட பொருள் விதிகள் 2011-இன்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, குறை சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் பெட்டி மேல் இருந்தாக வேண்டும். அச்சடித்த விலையை ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றக் கூடாது. நம் மாநிலத்தில் இதைப் பார்க்கிறவர்கள் தொழிலாளர் துறையினர்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பேசினேன். பில், ஸ்டிக்கர் உரித்த பெட்டி, கால் மடங்குகிற வீடியோ, தொடைக் காயத்தின் படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் அனுப்பினேன். கடைக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். ஒன்பதாம் நாள் முதலாளியே கூப்பிட்டார். "ஏனுங்க, இதுக்குப் போய் அவ்வளவு தூரம் போகோணுங்களா?" என்று கேட்டார். 1,450 ரூபாய் வந்து சேர்ந்தது. டாக்டர் செலவைப் பற்றிக் கேட்டேன், அதோடு போனை வைத்துவிட்டார். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். போடுவதா என்று நானும் வீட்டுக்காரரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டிக்கர் விஷயத்துக்குத் தொழிலாளர் துறையில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பணம் வந்த வாரத்தில் அந்த வழியாகப் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே ஸ்டிக்கர், வாசலுக்கு நேராக அடுக்கியிருந்தது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உங்களுக்குக் கொடுக்கிற அந்தப் பெட்டியையே கடையில் பிரிக்கச் சொல்லுங்கள். சாம்பிளைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு காலும் தனித்தனியாகப் பூட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். மேலே இருந்து அமுக்குவது மட்டும் போதாது, நான் அதைத்தான் செய்தேன். பூட்டின பிறகு காலைப் பக்கவாட்டில் உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள், பிள்ளை சாய்கிறபோது விசை வருவது அந்தப் பக்கம்தான். சீட்டின் அடியில் விரலை விட்டுச் சதை சிக்குகிற இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உட்கார்ந்தால் பிள்ளையின் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், கால் தொங்கினால் முக்க முடியாது என்று டாக்டரும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பைக்குள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள். பயணத்துக்கு முன் ஒரு வாரமாவது வீட்டிலேயே அதில் உட்கார வைத்துப் பழக்குங்கள். பில்லை வாங்கின அன்றே படம் எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து மங்கிவிடுகிறது, என்னுடையது இப்போதே பாதி தெரியவில்லை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். புகார் கொடுத்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளில் இருக்கிறது.

நாங்கள் மடக்கு சீட்டை விட்டுவிட்டோம். மடங்காத, ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீட்டு ஒன்றைப் பாத்திரக் கடையில் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்கிறோம். இடம் அடைக்கிறதுதான், அடைக்கட்டும். உள்ளே ஒரு பையும் மீந்துபோன புது டயப்பரில் பாதியும் விரித்துவிட்டால் வேலை முடிந்தது. முடிச்சுப் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் பழனிக்குப் போனோம். உடுமலை தாண்டி மடத்துக்குளம் வருவதற்குள் பின்சீட்டிலிருந்து "கக்கா" என்று குரல் வந்தது. புளியமரத்தடியில் நிறுத்திச் சீட்டை எடுத்து வைத்தேன். பாப்பா குனிந்து, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி நன்றாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.